பெட்டியின் அடிப்பக்கம்

சென்ற நவம்பரில், லோறென்ஸ்கூக்கில் பல நாட்டவரும் கூடிய ஒரு பண்பாட்டு மாலையில், தமிழருக்கென்று ஒதுக்கப்பட்ட மேசையை ஒழுங்குபடுத்தும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. நாங்கள் வைத்தவை பனையோலைச் சாமான்கள். சுளகு ஒன்று, நீத்துப்பெட்டி இரண்டு, மூடல்பெட்டி, கொட்டப்பெட்டி, நாலைந்து விசிறி, ஈர்க்கால் செய்த இடியப்பத் தட்டுகள், இவற்றோடு அம்மா இங்கேயே இருந்து இழைத்த சிறிய பெட்டி ஒன்று. முன்னால் ஒரு மட்டை. அதில் தமிழிலும் நோர்வேஜிய மொழியிலும் நான் எழுதிய வாசகம்: 'பனை எங்கள் வாழ்வின் அடையாளம். தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் எங்கள் பாரம்பரியக் கலை.' எழுதி முடித்தபோது எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

சனம் வந்தது. படம் எடுத்தது. எங்கள் பெடியன் ஒருவன் சுளகைத் தலையில் கவிழ்த்துத் தொப்பியாக்கிப் படம் எடுத்தான். நீத்துப்பெட்டியை லாம்பு மூடியா என்று இரண்டு பேர் கேட்டார்கள். தமிழர்கள் வந்து, 'ஆ, எங்கட அம்மம்மா வீட்டில இருந்தது' என்று கண்கலங்கினார்கள். எல்லாரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள்: வடிவு. அம்மா கதிரையில் இருந்து தலையாட்டிக்கொண்டிருந்தார்.

கடைசியாக எழுபது வயதைத் தாண்டிய ஒரு நோர்வேஜிய அம்மையார் வந்தார். மட்டையை அவர் வாசிக்கவில்லை. அம்மாவின் பெட்டியைக் கையில் எடுத்தார், உடனே கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். நாலு மூலையையும் பெருவிரலால் அழுத்தினார். பிறகு என்னிடம், 'இந்த மூலை விட்டிருக்கிறது. திருப்பும்போது ஓலை இறுகவில்லை. மற்ற மூன்றும் நல்ல வேலை' என்றார். தான் பேர்ச் மரப்பட்டையில் பெட்டி செய்கிறவர் என்றும் சொன்னார்.

எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. அம்மாவுக்கு மொழிபெயர்க்கும்போது 'நல்ல வேலை' என்ற பகுதியை மட்டும் சொன்னேன். அம்மா இருபது வருடமாக என் முகத்தை வாசிக்கிறவர் அல்ல, நாற்பத்தைந்து வருடமாக வாசிக்கிறவர். 'மூலையைத் தொட்டுக் காட்டினவா. என்ன சொன்னவா எண்டு வடிவாச் சொல்லு தம்பி.' சொன்னேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டியை வாங்கிப் பார்த்தார். 'உண்மைதான். அந்த ஓலை காஞ்சுபோச்சு. நனைக்கப் பஞ்சிப்பட்டு அப்பிடியே மடக்கிப்போட்டன்' என்றார். அன்று மாலை முழுதும் அம்மா அவ்வளவு சந்தோஷமாக இருந்ததற்கு வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. நோர்வேக்கு வந்த பிறகு அவருடைய வேலையை ஒருவர் கவனித்துப் பார்த்தது அதுதான் முதல் தரம்.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது விளங்கும். ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் படித்துப் பார்த்த பிறகே ஏற்றுவோம். அப்படிப் படிக்கக் கொடுத்தது இரண்டு நிமிடத்தில் 'மிக நன்று' என்று திரும்பி வந்தால், அவர் படிக்கவில்லை என்று அர்த்தம். பனையோலைப் பெட்டிக்கு நாங்கள் புலம்பெயர்ந்த நாடுகளில் கொடுத்து வருவது இந்த இரண்டு நிமிட 'மிக நன்று'தான். எங்கள் சிறுசஞ்சிகைகள் கவிதையை நார்நாராகக் கிழிக்கின்றன. நாவலுக்கு நாற்பது பக்க விமர்சனம் வருகிறது. கைப்பணி என்றவுடன் பேனை மூடிக்கொள்கிறது, கண் ஈரமாகிறது. ஒரு பொருளை விமர்சிக்க மறுப்பது அதற்குச் செய்யும் மரியாதை என்று நாங்கள் நினைத்திருக்கிறோம். இந்தக் கட்டுரை அதற்கு எதிரானது, என் மட்டைக்கும் எதிரானது.

கூத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அறுபதுகளில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மேடைக்குக் கொண்டுவந்தார். 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என்று வந்த தயாரிப்புகளைச் சுற்றி எவ்வளவு வாதம் நடந்தது. விடிய விடிய வட்டக்களரியில் ஆடியதை இரண்டு மணித்தியாலத்துக்குள் சுருக்கி, பார்வையாளரை ஒரு பக்கத்தில் மட்டும் இருத்தினால் அது கூத்தா என்று கேட்டார்கள். 'இராவணேசனி'ல் இராவணனாக ஆடிய சி. மௌனகுரு பிற்காலத்தில் அதே கேள்விகளை ஆய்வாளராக நின்று எழுதினார். கூத்து அந்தச் சண்டையால் கெட்டுப்போகவில்லை. எதை விடலாம், எதை விடக்கூடாது என்று அறிந்துகொண்டது. கூத்துக்குக் கிடைத்த இந்த வாய்ப்பு பெட்டிக்குக் கிடைக்காததற்குக் காரணங்கள் உண்டு. கூத்துக்கு ஏடு இருந்தது, அண்ணாவியார் இருந்தார், பல்கலைக்கழகம் வந்தது. பெட்டி பின்திண்ணையில் பெண்கள் இழைத்தது, மாவும் மிளகாயும் போட்டு வைத்தது.

மரத்துக்கு மட்டும் குறையில்லாமல் புகழ் இருந்தது. பனைக்கு எண்ணூற்றொரு பயன் உண்டு என்று பட்டியலிடும் 'தால விலாசம்' என்ற தமிழ்ச் செய்யுளைப் பற்றி, 1850இல் கொழும்பில் பனையைப் பற்றி நூல் வெளியிட்ட வில்லியம் பெர்கூசன் எழுதப்போய், அந்த எண் இன்றுவரை மேடைகளில் ஒலிக்கிறது. நவாலியூர் சோமசுந்தரப் புலவரும் அதே பெயரில் பனையைப் பாடியிருக்கிறார். எண்ணூற்றொரு பயன் என்று சொல்ல எங்களுக்குத் தெரியும். அவற்றில் ஒன்றை எடுத்து, நல்ல நீத்துப்பெட்டி எது, கூடாதது எது என்று கேட்டால் எங்கள் தலைமுறையில் பத்துப் பேருக்கு ஒருவர் பதில் சொன்னால் அதிசயம். நானும் மிச்ச ஒன்பது பேரில் ஒருவன்.

புகழ்ச்சி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. லண்டனில் முதுமாணி படித்த காலத்தில், பாடத்துக்குத் தொடர்பில்லாமல் நூலகத்தில் மேய்ந்தபோது கிடைத்தது. ஜோர்ஜ் பேர்ட்வூட் என்ற ஆங்கிலேயர் 1880இல் இந்தியாவின் கைத்தொழிற் கலைகளைப் பற்றி ஒரு கைநூல் எழுதினார். கிராமத்துக் குயவர், நெசவாளர், கன்னார் எல்லாரையும் உருகி உருகிப் புகழ்ந்தவர் அவர். அதே பேர்ட்வூட் 1910 ஜனவரியில் லண்டனில் ஒரு கூட்டத்தில், இந்தியாவுக்கு உயர்கலை என்று ஒன்று கிடையாது என்றார். யாவாவிலிருந்து வந்த புத்தர் சிலையின் படத்தைக் காட்டி, கொழுப்புப் போட்டு அவித்த புடிங்கோடு ஒப்பிட்டார். லண்டன் கலைஞர்கள் சிலர் கொதித்துப் பத்திரிகைக்குக் கூட்டாகக் கடிதம் எழுதினார்கள். அந்தச் சூட்டில் இந்தியா சொசைட்டி என்ற சங்கமும் உருவானது. பொதுவாக இந்தக் கதையைச் சொல்பவர்கள், கைப்பணியை நேசித்த மனிதர் கலையை அவமதித்தது முரண் என்பார்கள். எனக்கு அதில் முரண் தெரியவில்லை. அவருடைய புகழ்ச்சியும் அவமதிப்பும் ஒரே இடத்திலிருந்துதான் வந்தன. கைப்பணியாளர் யோசித்து முடிவெடுக்கிற ஆள் அல்ல, பரம்பரை அவர் கைவழியே தானாக ஓடுகிறது என்று நினைத்தால் தாராளமாகப் புகழலாம். தேன்கூட்டைப் புகழ்வதுபோல. என் மட்டையில் 'தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும்' என்று எழுதியபோது நானும் அந்தத் தேன்கூட்டைத்தான் காட்டினேன்.

இனி எங்கள் ஆள். ஆனந்த குமாரசுவாமி 1877இல் கொழும்பில் பிறந்தவர். தந்தை சேர் முத்துக்குமாரசுவாமி, தாய் ஆங்கிலேயர். நிலவியல் படித்து, இலங்கையின் கனிமவள ஆய்வுக்குப் பொறுப்பாக வந்து, கல்லைத் தேடிப்போன இடத்தில் கைப்பணியைக் கண்டவர். அவருடைய இரண்டு நூல்களை அருகருகே வைத்து வாசிப்பது நல்ல பாடம். 1908இல் வந்த 'மத்தியகாலச் சிங்களக் கலை' கனமான நூல். வில்லியம் மொறிஸ் பாவித்த அச்சுப்பொறியில், தன் மேற்பார்வையில், 425 பிரதிகள் அச்சிட்டார். மனைவி எதெல் எடுத்த நிழற்படங்கள் அதில் உண்டு. கண்டிப் பகுதிக் கைப்பணியாளரின் ஆயுதங்கள், சேர்மானங்கள், படிமுறைகள் எல்லாம் கிட்ட இருந்து பார்த்து எழுதியவை. அரக்கை நகத்தால் வழித்து வேலை செய்யும் மாத்தளைப் பக்கத்துக் கைகளை மதிப்பிட இன்றும் அந்த நூல் உதவும். அடுத்த வருடம் வந்த 'இந்தியக் கைவினைஞன்' சிறிய நூல். கிராமத்துக் கைவினைஞர், நகரத்துச் சங்கங்கள், அரசவையைச் சேர்ந்தவர்கள் என்று பிரித்து, பரம்பரைத் தொழிலும் சாதியும் கைவினைஞருக்குப் பாதுகாப்பும் மதிப்பும் கொடுத்தன என்று வாதிடுகிறது. எங்கள் மேடைகளில் குமாரசுவாமியின் பெயர் சொல்லி வரும் பேச்செல்லாம் இந்தச் சிறிய நூலின் குரலில்தான் இருக்கிறது, அதை வாசிக்காதவர்கள் பேசும்போதும். முதல் நூலில் விஞ்ஞானி எழுதியிருக்கிறார். இரண்டாவதில் ஆலைத்தொழிலில் மனம் கசந்த ஒருவர் எழுதியிருக்கிறார். நான் முதலாவதின் பக்கம்.

இரண்டாவதை ஏற்க முடியாததற்கு எனக்கு வேறு காரணமும் உண்டு. அளவெட்டியில் எங்கள் வளவுக்கு ஓலை வெட்ட ஒருவர் வருவார். தளநார் போட்டு மரம் ஏறி, எது குருத்து, எது சார்வு, எது காவோலை என்று மேலே நின்று தெரிந்தெடுத்து வெட்டிப் போடுவார். அம்மாவின் பெட்டி பாதி அவருடைய கண்ணில் ஆரம்பித்தது. இறங்கியதும் எங்கள் வீட்டில் தேத்தண்ணி கொடுப்போம், தனிப் பேணியில். அந்தப் பேணி அடுப்படிக்கு வெளியே கூரை வளையில் செருகியிருக்கும். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்ததை வரலாறாக வாசித்தவன் நான். கே. டானியலின் 'பஞ்சமர்' என் புத்தக அலுமாரியில் இருக்கிறது. ஆனாலும் மட்டை எழுதும்போது 'எங்கள் பனை, எங்கள் கலை' என்று கை தானாக எழுதிவிட்டது. அந்த 'எங்கள்' என்ற சொல்லுக்குள் பேணி செருகியிருந்த வளை தெரியவில்லை. பரம்பரைத் தொழில் தந்த பாதுகாப்பைப் பற்றி அவரிடம் யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுத நினைத்தாலும் வீட்டில் கூப்பிட்ட பெயர்தான் எனக்குத் தெரியும், அதை இப்போது அச்சில் போட முடியாது.

நோர்வேயில் இதே விடயத்தை வேறுவிதமாக அணுகிய ஒருவர் இருந்திருக்கிறார் என்பதை மிகவும் பிந்தித்தான் அறிந்தேன். ஏய்லெட் சுண்ட், 1817இல் பிறந்தவர், இறையியல் படித்தவர், கடைசிக் காலத்தில் இங்கிருந்து வடக்கே உள்ள ஐட்ஸ்வோலில் போதகராக இருந்தவர். நாடு முழுக்கத் திரிந்து சாதாரண சனங்களின் வாழ்க்கையை விசாரித்து எழுதினார். 1867இல் அவர் நோர்வேயின் வீட்டுக் கைப்பணியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கைப்பணிக்கு நோர்வேஜியச் சொல் 'ஹூஸ்ஃப்லிட்', வீட்டு முயற்சி என்று பிரிக்கலாம். அழகைப் பற்றி அல்ல, யார் செய்கிறார்கள், எதற்குச் செய்கிறார்கள், எவ்வளவு உழைப்பு என்பதே அவருடைய கேள்விகள்.

அதற்கு முன் அவர் ஒரு சண்டையில் மாட்டிக்கொண்டார். நோர்வேஜியர் 'கூழ்ச் சண்டை' என்று அழைப்பது. நாட்டார் கதைகளைத் தொகுத்துப் புகழ்பெற்ற அஸ்பியோர்ன்சன், பிள்ளைகளுக்கு நாங்கள் இரவில் வாசித்துக் காட்டும் கதைகளின் அதே அஸ்பியோர்ன்சன், 1864இல் புனைபெயரில் ஒரு சமையல் நூல் எழுதினார். கிராமத்துப் பெண்கள் கூழ் வெந்த பிறகு கடைசியில் பச்சை மாவைத் தூவிக் கிண்டுகிறார்கள், அது செரிக்காது, வீண், இந்தப் பெண்களுக்குச் சமைக்கத் தெரியாது என்று விஞ்ஞானத்தின் பெயரால் கண்டித்தார். சுண்ட் எதிர்த்தார். இவ்வளவு காலம் இவ்வளவு பேர் செய்யும் ஒன்றுக்குக் காரணம் இருக்கும், முதலில் அவர்களிடம் கேட்போம் என்பது அவருடைய நிலை. வருடக்கணக்கில் பத்திரிகைகளில் நாறியது. கதைகளைத் தொகுத்தவருக்கு அந்தக் கதைகளைச் சொன்ன பெண்களின் அகப்பையில் நம்பிக்கை இல்லை என்பதை வாசித்தபோது சிரிப்பு வந்தது, பிறகு கொஞ்சம் வெட்கமும் வந்தது. சுண்டிடம் எனக்குப் பிடித்தது, பெண்களைப் புகழாமல் அவர்களுடைய காரணத்தைத் தேடிப் போனது.

நானும் ஒரு சனிக்கிழமை அம்மாவிடம் போய்க் கேட்டேன். மேசையில் இருந்த இரண்டு நீத்துப்பெட்டியையும் எடுத்துப்போனேன். ஒன்று திருநெல்வேலிச் சந்தையில் வாங்கியது. மற்றது கொழும்பில் ஒரு பரிசுப்பொருள் கடையில் வாங்கியது, பச்சையும் கத்தரிப்பூ நிறமும் ஊட்டியது. எனக்கு இரண்டாவதுதான் வடிவாகத் தெரிந்தது, மேசையில் அதைத்தான் முன்னால் வைத்திருந்தேன்.

அம்மா முதலில் இரண்டையும் யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். நீராவி இழையிடுக்கால் வரவேண்டும், மா இடுக்கால் விழக்கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடம்தான் இருக்கிறது, இழைக்கிறவரின் கை அதைக் கண்டுபிடிக்க வேண்டும். நிறம் ஊட்டிய பெட்டியில் வெளிச்சமே வரவில்லை, அவ்வளவு நெருக்கம். 'இதில அவிச்சால் அடி களியாகும், மேல் மா பச்சையாக் கிடக்கும்.' பிறகு கூம்பின் சரிவு. பானை வாயில் சுற்றிவர ஒரே மட்டத்தில் குந்த வேண்டும், இல்லாவிட்டால் ஆவி பக்கத்தால் போய்விடும். கூர் அகலமாக இருந்தால் போதுமான அளவு உள்ளே இறங்காது. பிறகு ஓலை. இளம் குருத்தானால் நாலு தரம் ஆவி பட்டதும் துவண்டுவிடும். முற்றியதானால் மடிக்கும் இடத்தில் வெடிக்கும். சார்வோலைதான் சரி, அதையும் ஒரே அகலத்தில் வார வேண்டும். சந்தைப் பெட்டியில் ஓர் இழை அகலம் மாறியிருந்தது. அம்மா அதைக் கண்டுபிடித்து, 'அவசரத்தில வார்ந்திருக்கிறா. ஆனா கை பழகின கை' என்றார். பெட்டியை இழைத்த பெண்ணை நாங்கள் கண்டதில்லை. அந்த ஒரு வசனத்தில் அவர் அறைக்குள் வந்து இருந்துவிட்டுப் போனமாதிரி இருந்தது.

நிறப் பெட்டியைப் பழிக்க வேண்டும் என்பதல்ல. அது நீத்துப்பெட்டியாகத் தோற்றது, அவ்வளவுதான். அலங்காரப் பொருளாக அதன் வேலை சுத்தமானது, நிறம் இழை முழுக்க ஒரேமாதிரிப் பிடித்திருக்கிறது. 1978இல் பனை அபிவிருத்திச் சபை வந்த பிறகு பயிற்சியும் விற்பனையும் ஒழுங்காகி, இந்த வேலையால் சீவியம் நடத்தும் பெண்கள் இருக்கிறார்கள். புட்டு அவிக்காத வெள்ளைக்காரருக்குப் புட்டுப்பெட்டி விற்க முடியாது என்று அவர்கள் கண்டுகொண்டது கெட்டித்தனம். விற்பவர்கள் அதை 'பாரம்பரிய நீத்துப்பெட்டி' என்று சொல்வதும், வாங்கிய நான் அதை நம்பியதும்தான் பிழை. புதுவகைப் பெட்டிக்குப் புது அளவுகோல் வேண்டும். அதை யார் எழுதுவது? இழைப்பவர்களே எழுதினால் நல்லது. அதுவரை, எங்கள் சஞ்சிகைகள் ஒரு பெட்டிக்கு இரண்டு பக்கம் ஒதுக்கலாம், கவிதைத் தொகுப்புகளில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு. (ஆசிரியர் இந்த வரியை வெட்டாமல் விட்டால் நன்றி.)

அம்மையாரின் பேச்சைக் கேட்டு, ஜனவரியில் அம்மா பேர்ச் பட்டை வகுப்புக்குப் போனார். முதல் மாலை மொழிபெயர்ப்பாளனாக நானும் போனேன். பட்டையை இங்கே 'நேவர்' என்பார்கள். முதுகில் போடும் நேவர்ப் பை என்றால் சுவீடன் எல்லையோரத்து ஃபின்ஸ்கூகன் காடுகளை நினைப்பார்கள். பதினேழாம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய காட்டு ஃபின்னியரோடு சேர்த்துப் பேசப்படும் பொருள் அது. வந்தேறியவர்களின் பை இன்று நோர்வேஜியக் கைப்பணியாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது என்று அம்மாவுக்குச் சொன்னேன். அவருக்கு அதில் அக்கறை இருக்கவில்லை. பட்டை ஓலைபோல மடியாது, சுருளும், அதை எப்படி அடக்குவது என்பதே அவருடைய கவலை. 'ஃப்ளெத்த' என்று ஒரே சொல்லைத் தலைமயிருக்கும் பட்டைக்கும் அவர்கள் பாவிப்பதைக் கேட்டு, 'எங்களுக்குக் கிடுகு பின்னுறது வேறை, பெட்டி இழைக்கிறது வேறை எண்டு சொல்லு' என்றார். சொன்னேன். அம்மையார் குறித்துக்கொண்டார்.

இரண்டாம் மாலை என்னைக் கூப்பிடவில்லை. மூன்றாம் மாலை ஏற்றிவரப் போனபோது, அம்மா அம்மையாரின் பெட்டியைக் கவிழ்த்து வைத்து விளிம்பைச் சுட்டி, தனக்குத் தெரிந்த ஏழெட்டு நோர்வேஜியச் சொற்களில் இரண்டைப் பாவித்து, 'இக்க ப்ரா' என்று சொல்லிக்கொண்டிருந்தார். சரியில்லையாம். அம்மையார் விளிம்பைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

வருகிற கோடையில் அதே மேசை மறுபடி வருகிறது. மட்டையைப் புதிதாக எழுதினேன். ஒவ்வொரு பொருளுக்கும் எங்கே வாங்கியது, என்ன ஓலை, எதற்குப் பாவிப்பது, எதில் நல்லது, எதில் குறை. இழைத்தவர் பெயர் தெரிந்தது ஒரு பெட்டிக்கு மட்டும்தான். மற்றவற்றுக்குப் பெயருக்குரிய இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன், ஓலை வெட்டியவருக்கும் சேர்த்து. அம்மாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு மெதுவாக வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

'என்ர பெட்டிக்குக் குறை ஒண்டும் போடேல்லையே. மூலை விட்டது எண்டு போடு.'

போட்டிருக்கிறேன்.